சிற்றவைச் சங்கீதத்துக்குச் சோறிடுவது யார்?

திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபமும் பாறசாலை பொன்னம்மாளும்

சபாவில் ஆயிரம் பேருக்கு முன்னால் பாடுகிறவருக்கு டிக்கெட் வசூல் உண்டு. சினிமாவில் பாடுகிறவருக்குப் பணம் கொடுக்கத் தயாரிப்பாளர் உண்டு. ஆனால் நூறு பேர் அமர்ந்தாலே நிறைந்துவிடும் ஒரு சிறிய மண்டபத்தில், ஆர்ப்பாட்டமில்லாத நுட்பமான சங்கீதத்தை மட்டுமே வழங்குவது என்று தீர்மானித்துக்கொண்ட வித்வானுக்கு யார் உண்டு? அவர் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது?

இந்தக் கேள்விக்கு விடை தேட விரும்புகிறவர்களுக்குத் திருவனந்தபுரத்தைப் போல் பொருத்தமான நகரம் வேறு கிடைப்பது அரிது. இருநூறு ஆண்டுகளாக இந்நகரம் சிற்றவைச் சங்கீதத்தை வளர்த்து வந்திருக்கிறது. அதற்கு உழைத்தவர்களில் மிகப் பலர் தமிழர்கள். எனவே கரமனை, வலியசாலைப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தம் வீட்டுக் கதை போன்றதே.

மேல்நாட்டில் எப்படி?

சிற்றவை இசையை மேல்நாட்டார் 'சேம்பர் மியூசிக்' என்பார்கள். அரண்மனையின் ஓர் அறையில் மூவர், நால்வர் கூடி வாசித்ததால் வந்த பெயர் இது. இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ ஆகிய நான்கும் சேர்ந்த 'ஸ்டிரிங் குவார்ட்டெட்' அதன் தலைசிறந்த வடிவம். அந்த வடிவத்துக்குத் தந்தை என்று போற்றப்படும் ஹைடன், 1761-ம் ஆண்டு முதல் எஸ்டர்ஹாஸி என்ற ஹங்கேரியப் பிரபு குடும்பத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். பிரபுவின் சீருடையை அணிந்துகொண்டுதான் அவர் சேவகம் செய்தார்.

பிரபுக்களின் காலம் போன பிறகு, ஆதரிப்பவர் யார் என்ற கேள்வி அங்கும் எழுந்தது. 1918-ல் வியன்னா நகரில் ஷோன்பர்க் என்ற இசையமைப்பாளர், புதிய இசைக்காகவே ஒரு தனிச் சங்கம் தொடங்கினார். சந்தா கட்டிய அங்கத்தினர் மட்டுமே கச்சேரிக்கு வரலாம். பத்திரிகை விமர்சகர்களுக்கு அனுமதி இல்லை. கைதட்டவும் கூடாது. கேட்பவர் கேட்டால் போதும், தீர்ப்புச் சொல்ல வேண்டாம் என்பது ஷோன்பர்க்கின் எண்ணம். இசைப் பெருமக்கள் பலர் ஒத்துழைத்தும் அச்சங்கம் மூன்றாண்டு காலமே நீடித்தது.

அதன் பின் சிற்றவைக் கலைஞர்களுக்குக் கல்லூரிகள் நிழல் கொடுத்தன. அமெரிக்காவில் 1946-ல் தோன்றிய ஜூலியர்ட் குவார்ட்டெட், அதே பெயருள்ள இசைப் பள்ளியின் மாதச் சம்பளத்தில் வளர்ந்த குழு. தற்கால இசைக்கென்றே தங்களை ஒப்புக்கொடுத்த குரோனோஸ் குவார்ட்டெட் 1973-ல் சியாட்டில் நகரில் பிறந்தது. தங்களுக்கென ஒரு புதிய உருப்படி எழுதித் தந்தவருக்கு, அக்குழுவின் தலைவர் ஒரு பை நிறைய 'டோனட்' பலகாரம் கொடுத்துக் கணக்குத் தீர்த்தாராம்! பின்னாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய உருப்படிகளுக்குக் காரணமான அக்குழுவும் ஆரம்ப ஆண்டுகளில் கல்லூரிகளின் ஆதரவில்தான் காலம் தள்ளியது. ஆக, அங்கே கச்சேரி வருமானத்தை மட்டும் நம்பிச் சிற்றவைக் கலைஞர்கள் வாழ்ந்ததில்லை.

கைதட்டல் இல்லாத மண்டபம்

வியன்னாவில் மூன்றாண்டு காலமே நின்ற ஒரு வழக்கம், திருவனந்தபுரத்தில் தலைமுறை தலைமுறையாக நின்று வருகிறது.

ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலை அடுத்து, குதிரமாளிகைக்குப் பக்கத்தில் உள்ளது நவராத்திரி மண்டபம். கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி தேவி ஆண்டுதோறும் யானை மீது புறப்பட்டு இங்கே வந்து கொலுவீற்றிருப்பாள். வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் உடன் வருவார்கள். பத்மநாபபுரத்திலிருந்து தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறியபோது ஏற்பட்ட வழக்கம் இது. 1956-ம் ஆண்டு நவம்பர் முதல் தேதி கன்னியாகுமரி தமிழ்நாட்டோடு இணைந்து இரு மாநிலங்களுக்கு இடையே எல்லைக்கோடு விழுந்த பிறகும், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாக ஊர்வலம் வந்துகொண்டே இருக்கிறது.

ஒன்பது இரவும் தேவி சந்நிதியில் கச்சேரி. மாலை ஆறு மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்கு முடிந்துவிடும். மின்விளக்கு இல்லை, எண்ணெய் விளக்கின் ஒளிதான். நாதம் கெடாமல் ஒலிப்பதற்காகக் கூரையில் மண்பானைகளைக் கவிழ்த்துக் கட்டியிருக்கிறார்கள். நுழைவுச்சீட்டு கிடையாது. கைதட்டலும் கிடையாது. பாட்டு முடிந்தால் மௌனம், அவ்வளவே.

எந்த நாளில் எந்த ராகம் என்பதும் வகுக்கப்பட்டிருக்கிறது. முதல் நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஒன்பதாம் நாள் ஆரபி. இந்த ஒன்பது ராகங்களிலும் ஸ்வாதித் திருநாள் மகாராஜா இயற்றிய நவராத்திரிக் கீர்த்தனைகளே அந்தந்த நாளின் பிரதான உருப்படி. வேறெங்கும் தானத்துக்கு மிருதங்கம் வாசிப்பது வழக்கமில்லை. இங்கே தானத்தோடு மிருதங்கமும் சேர்ந்து ஒலிக்கும். பாடுகிறவர் தம் இஷ்டப்படி ஜனரஞ்சக உருப்படிகளை அடுக்கிப் பெயர் வாங்கிக்கொள்ள முடியாது. அன்றைய ராகத்தை மனதார விரித்தே ஆக வேண்டும்.

கச்சேரிக்கு முன் தோடயமங்களம் பாடும் உரிமை முல்லமூடு பாகவதர்களுக்கு. இவர்கள் அரண்மனைச் சேவகத்தில் பரம்பரை பரம்பரையாக இருந்து வந்த தமிழ்க் குடும்பத்தினர்.

இத்தனை பெருமை இருந்தாலும் கணக்கு ஒன்று உண்டு. ஆண்டுக்கு ஒன்பது நாள், நாளைக்கு ஒரு பிரதான கலைஞர். ஒன்பது இடங்களை வைத்துக்கொண்டு ஊரில் உள்ள வித்வான்கள் எல்லாரும் பிழைக்க முடியாது. எனவே மண்டபத்தில் பாடியவர்களுக்கு மற்ற நாட்களில் சோறு போட்டது வேறொன்றாக இருந்திருக்க வேண்டும்.

வடிவேலுவின் தந்த வயலின்

முதலில் சோறு போட்டது அரண்மனை. 1829 முதல் 1846 வரை ஆண்ட ஸ்வாதித் திருநாள், தாமே நானூறுக்கு மேற்பட்ட உருப்படிகள் இயற்றியவர். தஞ்சை நால்வர் என்று புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு சகோதரர்களுக்கு அவர் சபையில் இடம் கிடைத்தது. இவர்களில் இளையவரான வடிவேலு, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த வயலினை நம் சங்கீதத்துக்குப் பழக்கிய முன்னோடிகளுள் ஒருவர். அவருக்கு 1834-ல் மகாராஜா யானைத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

இது வெறும் பரிசுச் செய்தி அல்ல. ஐரோப்பியச் சிற்றவை இசையின் உயிர்நாடியான ஒரு கருவி, தஞ்சாவூர்த் தமிழர் ஒருவர் கையில், திருவிதாங்கூர் அரண்மனையில் மறுபிறவி எடுத்தது. அன்றைக்கு அது முற்றிலும் புதிய முயற்சி. புதிய முயற்சிக்கு உடனே கூட்டம் சேராது. சேரும்வரை பொறுத்திருக்க ஓர் ஆதரவாளர் வேண்டும். எஸ்டர்ஹாஸி ஹைடனுக்கு எப்படியோ, ஸ்வாதித் திருநாள் வடிவேலுவுக்கு அப்படி.

மன்னர் கையில் இருக்கும் ஆதரவுக்கு ஒரு குறையும் உண்டு. மன்னருக்குப் பிறகு வருகிறவருக்கும் அதே ரசனை இருக்க வேண்டும் என்பதில்லை. ஸ்வாதித் திருநாள் முப்பத்துமூன்று வயதில் காலமானார். அவருடைய கீர்த்தனைகளிலேயே பல, பின்னாளில் தேடி எடுத்துச் செப்பனிட வேண்டிய நிலைக்கு வந்தன.

சன்மானம் போய்ச் சம்பளம்

அந்தத் தேடலுக்காக அமைந்ததே 1939-ல் சித்திரைத் திருநாள் மகாராஜா காலத்தில் தொடங்கிய ஸ்வாதித் திருநாள் சங்கீத அகாடமி. முதல் தலைவராக வந்தவர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். அவருக்கு 1943-ல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் வழங்கியது. அவரை அடுத்துச் செம்மங்குடி ஸ்ரீநிவாசய்யர் பொறுப்பேற்று, ஸ்வாதித் திருநாள் கீர்த்தனைகளை மேடைக்கு மீட்டுத் தந்தார். அதன் பின் வீணை வித்வான் கே.எஸ். நாராயணசுவாமி. பாலக்காட்டுக் கொடுவாயூரில் 1914-ல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்றவர் அவர்.

வீணையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்வது பொருந்தும். நம் வாத்தியங்களில் சிற்றவைக்கென்றே பிறந்தது வீணை. பெரிய அரங்கில் அதன் கமகங்கள் காற்றோடு கரைந்துபோகும். அருகில் இருப்பவருக்கே முழுப் பலன். இத்தகைய வாத்தியக்காரர் சபா வருமானத்தை மட்டும் நம்பினால் பாடு கஷ்டம்தான். நாராயணசுவாமிக்கு அகாடமி ஆசிரியர் பதவி இருந்தது. அதனால் கூட்டத்தைக் கவர வாசிப்பை மாற்றிக்கொள்ள வேண்டிய அவசியமில்லாமல், தம் மென்மையான பாணியைக் காப்பாற்றிக்கொண்டு சீடர்களுக்கும் கொடுக்க முடிந்தது. 1979-ல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது அவரைத் தேடி வந்தது.

அரண்மனையில் வித்வான் பெற்றது சன்மானம்; அகாடமியில் பெற்றது சம்பளம். இரண்டுக்கும் வித்தியாசம் பெரிது. சன்மானம் மனம் உவந்தால் வரும். சம்பளம் மாதம் பிறந்தால் வரும். அகாடமி பின்னர் அரசுக் கல்லூரியாயிற்று. கானபூஷணம், கானப்பிரவீணா என்ற பட்டங்கள் பெற்றவர்கள் அரசுப் பள்ளிகளில் பாட்டு ஆசிரியர்களாக அமர்ந்தனர்.

மூன்றாவது ஆதரவு, வானொலி. 1943-ல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய நிலையத்தை 1950-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி அகில இந்திய வானொலி ஏற்றுக்கொண்டது. கேட்பவர் ஆயிரக்கணக்கில் இருந்தாலும், பாடுகிறவர் அமர்ந்திருப்பது ஓர் அறையில்தான். அங்கும் கைதட்டல் இல்லை. நெய்யாற்றின்கரை வாசுதேவன், எம்.ஜி. ராதாகிருஷ்ணன் முதலியோருக்குத் திருவனந்தபுரம் நிலையத்தில் நிரந்தர வேலை இருந்தது.

சம்பளம் உண்டு, மேடை இல்லை

அரண்மனை, கல்லூரி, வானொலி என்ற இந்த மூன்று தூண்களின் அருமையையும் குறையையும் ஒருங்கே காட்டுவது பாறசாலை பொன்னம்மாளின் வாழ்க்கை.

1924-ம் ஆண்டு நவம்பர் மாதம் பாறசாலையில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை மகாதேவ ஐயர், தாய் பகவதி அம்மாள். சரஸ்வதி தேவியின் ஊர்வலம் ஆண்டுதோறும் கடந்து செல்லும் ஊர் அது. அகாடமி தொடங்கியதும் அங்கே சேர்ந்த முதல் மாணவி பொன்னம்மாள். முத்தையா பாகவதர், செம்மங்குடி போன்றோரிடம் பயின்று, கானபூஷணம், கானப்பிரவீணா இரண்டிலும் முதலிடம் பெற்றார். பதினெட்டு வயதில் திருவனந்தபுரம் காட்டன்ஹில் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் பாட்டு ஆசிரியை. பின்னர் தாம் படித்த கல்லூரியிலேயே முதல் பெண் ஆசிரியை. அதன் பின் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. இசைக் கல்லூரியின் முதல் பெண் முதல்வர். எல்லாப் படியிலும் 'முதல்' என்ற சொல் அவருக்கு முன்னால் நின்றது.

நெய்யாற்றின்கரை வாசுதேவன், எம்.ஜி. ராதாகிருஷ்ணன், டாக்டர் ஓமனக்குட்டி என்று அவரிடம் பயின்றவர்களின் வரிசை நீளமானது. அவசரமே இல்லாத விளம்பகாலப் பாட்டு அவருடையது. ராகத்தின் சௌக்கியம் கெடாமல், ஒவ்வொரு பிடியையும் நிறுத்தி நிதானமாகப் பாடும் பாணி. நவராத்திரி மண்டபம் கேட்பதும் துல்லியமாக இந்தப் பாணியைத்தான்.

ஆனால் அந்த மண்டபத்தில் பெண்கள் பாடும் வழக்கம் இல்லை.

ஒன்பது ராகங்களும் அவருக்குத் தெரியும். ஒன்பது கீர்த்தனைகளையும் மீட்டெடுத்த குருமார்களிடமே கற்றவர். அவற்றைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர். மாணவர்கள் பாடப் போகலாம். சொல்லிக் கொடுத்த ஆசிரியை போக முடியாது. கல்லூரி அவருக்குச் சம்பளம் கொடுத்தது, பதவி உயர்வு கொடுத்தது, முதல்வர் நாற்காலியும் கொடுத்தது. எந்த இசைக்காக அந்தக் கல்லூரியே ஏற்பட்டதோ, அந்த இசை ஒலிக்கும் தலையாய அவையைக் கொடுக்க அதனால் முடியவில்லை.

இதை யாரோ ஒருவர் செய்த குற்றமாகக் கொள்வதற்கில்லை. வழக்கம் என்பது அப்படித்தான் செயல்படுகிறது. யாரும் கதவை அடைத்ததாக நினைப்பதில்லை. கதவு மட்டும் திறப்பதில்லை. சிற்றவை இசையில் இதன் பாதிப்பு அதிகம். சினிமாவில் ஒரு கதவு மூடினால் இன்னொரு கதவு திறக்கும். சிற்றவைக்கு இருப்பதே ஒன்றிரண்டு கதவுகள். அவற்றில் ஒன்று மூடியிருந்தால், ஒரு கலைஞரின் ஆயுளில் பாதி வெளியே தெரியாமல் போய்விடும்.

2006-ம் ஆண்டு நவராத்திரியில் அந்தக் கதவு திறந்தது. ராஜகுடும்பத்தைச் சேர்ந்தவரும், கே.எஸ். நாராயணசுவாமியிடம் வீணை பயின்றவருமான ராமவர்மா இதற்கு முன்னின்றார். அந்த மண்டபத்தில் அமர்ந்து பாடிய முதல் பெண்மணி என்ற பெருமை பொன்னம்மாளுக்குக் கிடைத்தபோது அவருக்கு வயது எண்பத்தொன்று. வேலையிலிருந்து ஓய்வு பெற்றுக் கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. அதன் பிறகே வெளியூர் ரசிகர்கள் பலர் அவர் பெயரைக் கேள்விப்பட்டனர். 2017-ல் பத்மஸ்ரீ விருது. 2021-ம் ஆண்டு ஜூன் 22-ம் தேதி, தொண்ணூற்றாறாம் வயதில் அவர் மறைந்தார். அவருக்குப் பின் வேறு பெண் கலைஞர்களும் அந்த மண்டபத்தில் பாட வழி பிறந்திருக்கிறது.

எண்பத்தொரு வயதில் கிடைத்த மேடை மகிழ்ச்சிக்குரியதே. நாற்பது வயதில் கிடைத்திருந்தால் அவர் குரலில் அந்த ஒன்பது ராகங்களும் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிறவர்களுக்கு அந்த மகிழ்ச்சியோடு ஒரு பெருமூச்சும் வரும்.

கடல் கடந்த சிற்றவைகள்

உள்ளூரில் கதவுகள் குறைவு என்பதால் கடல் கடந்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்க வித்வான் டி. ரங்கநாதனும், அவர் தம்பி புல்லாங்குழல் டி. விஸ்வநாதனும் ஆசிரியர்களாக இருந்தனர். வீணை தனம்மாளின் பேரர்கள் அவர்கள். சென்னையில் தம் வீட்டிலேயே தேர்ந்த ரசிகர்கள் சிலருக்காக வீணை வாசித்து வந்த அந்த அம்மையாரின் சங்கீதம், பேரர்கள் வழியாக அமெரிக்க வகுப்பறைக்குப் போய்ச் சேர்ந்தது.

அதே வெஸ்லியனில் பயின்ற வயலின் கலைஞர் எல். சங்கர், கடம் டி.எச். விநாயக்ராம், தபேலா ஜாகிர் உசேன், கிட்டார் ஜான் மக்லாலின் ஆகியோர் 1970-களின் நடுவில் சேர்ந்து 'சக்தி' என்ற குழுவை அமைத்தனர். மேற்கும் கிழக்கும் சேர்ந்த புதிய சிற்றவை இசை என்றே அதைக் கூற வேண்டும். முதல் அமைப்பு சில ஆண்டுகளிலேயே கலைந்தது. பல ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் கூடிய 'சக்தி'யில் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ், வயலின் கணேஷ் ராஜகோபாலன் முதலியோர் இடம்பெற, 2024-ல் கிராமி விருது அக்குழுவுக்குக் கிடைத்தது. புதிய சிற்றவை இசைக்கு உரிய இடம் கிடைக்க ஏறத்தாழ ஐம்பது ஆண்டு ஆயிற்று. அதுவரை அக்கலைஞர்கள் தத்தம் கச்சேரி, ஒலிப்பதிவு, போதனை ஆகியவற்றால் வாழ்ந்தார்கள்.

இன்றைய நிலை

இன்று திருவனந்தபுரத்தில் இசைப் பட்டம் பெற்று வெளிவரும் இளைஞருக்கு முன்னால் உள்ள வழிகள் எவை? கல்லூரி ஆசிரியர் இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. வானொலியில் நிரந்தரக் கலைஞர் பணியிடங்கள் முன்போல் நிரப்பப்படுவதில்லை. ஜனவரி மாதத்தில் குதிரமாளிகை முற்றத்தில் நடக்கும் ஸ்வாதி சங்கீத உற்சவம் நல்ல ரசிகர்களைக் கொண்டது. ஆனால் அதுவும் ஆண்டுக்கு ஒரு முறை.

பெரும்பாலோருக்குக் கைகொடுப்பது போதனையே. கேரளத்தில் 1957 முதல் நடந்து வரும் பள்ளிக் கலோற்சவத்தால் இதற்கு ஓரளவு கிராக்கி உண்டு. போட்டியில் பிள்ளை 'ஏ' கிரேடு வாங்க வேண்டும் என்று பாட்டு வாத்தியாரைத் தேடி வரும் பெற்றோர் அநேகர். அதனால் மாதம் சில குடும்பங்களின் வரும்படி வித்வானுக்கு நிச்சயம். ஆனால் பத்து நிமிஷப் போட்டிக்குத் தயார் செய்வதும், ஒரு ராகத்தை ஒன்றரை மணி நேரம் விரிப்பதும் வேறு வேறு. முதலாவதற்குக் கூலி கொடுக்க ஆள் இருக்கிறது; இரண்டாவதற்கு இல்லை. இணையம் வழியாக அயல்நாட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வசதி இப்போது வந்திருக்கிறது. வருமானத்துக்கு அது நல்லதே. விடியற்காலையிலும் நள்ளிரவிலும் பாடம் சொல்லிவிட்டு, சாதகத்துக்கு எந்த நேரம் மிஞ்சுகிறது என்பதுதான் பிரச்னை.

வியன்னாவின் சங்கம் மூன்றாண்டில் மூடியதற்கும், திருவனந்தபுரத்து மண்டபம் இன்றும் நிற்பதற்கும் காரணம் ஒன்றே. அங்கே சந்தா மட்டும் இருந்தது. இங்கே கோயிலும், அரண்மனையும், கல்லூரியும், வானொலியும் ஒன்று தளர்ந்தபோது மற்றொன்றாகத் தோள் கொடுத்தன. இப்போது நான்கில் இரண்டு தளர்ந்திருக்கின்றன.

ரசிகர்களால் ஆவது ஒன்று உண்டு. தமிழ்ச் சங்கங்களும் குடியிருப்போர் சங்கங்களும் ஆண்டு விழாவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பங்கை ஒதுக்கி, மாதத்துக்கு ஒரு சிற்றவைக் கச்சேரி, பாடுகிறவருக்கு உரிய சன்மானத்தோடு ஏற்பாடு செய்யலாம். ஐம்பது நாற்காலியும் ஒரு சுருதிப் பெட்டியும் போதும். பாடுகிறவர் ஆணா பெண்ணா, இளையவரா மூத்தவரா என்று பாராமல், ஒரு ராகத்தை விரிக்கத் தெரிந்தவரா என்று மட்டும் பார்த்து அழைத்தால், எண்பத்தொரு வயது வரை எவரும் காத்திருக்க நேராது.